அலுவலகம் சேர்த்துவிட்ட உணர்வு நுண்ணறிவுப் பயிற்சி: எந்தப் பகுதிக்காகச் சேரலாம்?

எங்கள் மருத்துவமனையில் மேற்பார்வைப் பொறுப்பில் இருக்கிறவர்களை நிர்வாகம் ஒரு எட்டு வார இணையவழிப் பயிற்சியில் சேர்த்துவிட்டது. பணியிடத்திலும் வீட்டிலும் உணர்வு நுண்ணறிவை, அதாவது தன் உணர்வையும் பிறர் உணர்வையும் புரிந்து கையாளும் திறமையை, வளர்ப்பது எப்படி என்பதுதான் பாடம். வாரத்துக்கு ஒரு காணொளித் தொகுப்பு, ஒரு நேரடி வகுப்பு, அப்புறம் வெவ்வேறு நிறுவனங்களிலிருந்து வந்த ஆறு பேர் கொண்ட சிறு குழுவில் பேசிப் பழகும் ஒரு அமர்வு. என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்தச் சிறு குழு அமர்வுக்காகவே இதில் சேரலாம். காணொளிகளில் பாதியைப் பார்க்காமல் விட்டாலும் ஒன்றும் குறைந்துவிடாது. தொடக்கத்தில் வைக்கும் மதிப்பெண் தேர்வுக்கு எந்த மதிப்பும் கொடுக்க வேண்டாம். நடத்துகிறவர்களின் பெயரை நான் எழுதவில்லை. இதே அச்சில் பயிற்சிகள் நிறைய நடக்கின்றன. எதைப் பார்த்துச் சேர்வது என்று தெரிந்தால்தான் படிக்கிறவர்களுக்குப் பயன்.

நான் ஆய்வகத்தில் மாதிரிகளைப் பெறும் பிரிவைக் கவனிக்கிறேன். வார்டுகளிலிருந்து ரத்தமும் சிறுநீரும் வந்துகொண்டே இருக்கும். டியூப் சரியா, லேபிளில் பெயரும் எண்ணும் பொருந்துகிறதா, அளவு போதுமா என்று பார்த்து உள்ளே அனுப்ப வேண்டும். சரியில்லாததைத் திருப்பி அனுப்பி, வார்டுக்குப் போன் செய்து "மறுபடியும் எடுத்து அனுப்புங்க" என்று சொல்ல வேண்டும். ஆய்வகப் பிழைகளில் பெரும்பகுதி மாதிரி கருவிக்குள் போவதற்கு முன்பே நடந்துவிடுகிறது என்பது இந்தத் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். அதனால் எங்கள் வேலையின் கனமான பகுதி அந்தப் போன் பேச்சில் இருக்கிறது. எடுக்கிறவர் ஏற்கெனவே களைத்துப் போயிருப்பார்; நாம் சொல்வது அவருக்குப் பிடிக்காத செய்தி. இந்தப் பயிற்சி அந்தப் போனுக்கு உதவுமா என்று பார்க்கத்தான் நான் போனேன்.

முதல் வாரத்தில் ஒரு தேர்வு. "நான் பிறர் உணர்வுகளை எளிதில் புரிந்துகொள்கிறேன்" போன்ற வாக்கியங்களுக்கு ஒன்று முதல் ஐந்து வரை நீங்களே மதிப்பெண் போட வேண்டும். கடைசியில் வண்ணப்படத்தோடு ஒரு எண் வருகிறது. எங்கள் குழுவில் எல்லோரையும் விட அதிக எண் வாங்கியவர், பிறர் பேசி முடிப்பதற்குள் குறுக்கே பேசுகிற மனிதர். அவர் பொய் சொல்லவில்லை, தன்னைப் பற்றி அப்படித்தான் நம்புகிறார். உணர்வு நுண்ணறிவு என்ற கருத்தை 1990-இல் ஆய்வுக் கட்டுரையாக முன்வைத்த உளவியலாளர்கள் பீட்டர் சலோவே, ஜான் மேயர் இருவரும் இதை ஒரு திறமையாகத்தான் பார்த்தார்கள்: உணர்வை அடையாளம் காண்பது, சிந்தனைக்குப் பயன்படுத்துவது, அது எப்படி மாறுகிறது என்று புரிந்துகொள்வது, அதைக் கையாள்வது. திறமையை அளக்க வேண்டுமானால் செய்யச் சொல்லிப் பார்க்க வேண்டும். நீச்சல் தெரியுமா என்று வாயால் கேட்டு மதிப்பெண் போட முடியுமா? செய்து காட்டும் தேர்வுகளும் உண்டு. தானே போட்டுக்கொள்ளும் மதிப்பெண்ணுக்கும் அந்தத் தேர்வுகளில் கிடைக்கும் மதிப்பெண்ணுக்கும் இடையே தொடர்பு மிகக் குறைவு என்று ஆய்வுகளே காட்டியிருக்கின்றன. பயிற்சி நடத்துகிறவர்களுக்கு இது தெரியாமல் இருக்காது. இருந்தும் அந்த எண்ணை எங்கள் பெயருக்குப் பக்கத்தில் போட்டுத் திரையில் காட்டினார்கள். அது எனக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை.

முதல் காணொளியில் இன்னொன்றும் உறுத்தியது. வாழ்க்கை வெற்றியில் 80 சதவீதம் உணர்வு நுண்ணறிவால்தான் வருகிறது என்று பெரிய எழுத்தில் போட்டார்கள். பல மேடைகளில் கேட்ட வசனம்தான். 1995-இல் இந்தப் பெயரைப் பரவலாக்கிய டேனியல் கோல்மன் எழுதியது வேறு. அறிவுத்திறன் அளவீடு (ஐ.க்யூ.) அதிகபட்சம் 20 சதவீதத்தை விளக்கலாம், மிச்சம் வேறு காரணிகளால் என்றார். குடும்பப் பின்னணி, அதிர்ஷ்டம் எல்லாம் அந்த மிச்சத்தில் அடங்கும். அந்த 80-ஐயும் ஒரே திறமையின் கணக்கில் எழுதிவிட்டால், வாழ்க்கையில் அடிபட்டவர்களிடம் "உனக்கு உணர்வைக் கையாளத் தெரியவில்லை" என்று சொல்கிற மாதிரி ஆகிவிடும். பயிற்சியாளரிடம் நேரடி வகுப்பில் இதைக் கேட்டேன். அவர் மழுப்பவில்லை, அந்தப் பக்கத்தை மாற்றச் சொல்வதாகச் சொன்னார். நல்ல மனுஷி. அடுத்த வாரங்களில் பயிற்சி உயர்ந்து நின்றதற்கு அவர்தான் காரணம்.

இரண்டாம் வாரத்தில், மனதில் ஓடுவதற்குப் பெயர் வைப்பது. கேட்கச் சாதாரணமாக இருக்கும். 2007-இல் மேத்யூ லீபர்மனும் சக ஆய்வாளர்களும், கோபமோ பயமோ தெரியும் முகங்களைக் காட்டி, அந்த உணர்வுக்கு ஒரு பெயரைத் தேர்ந்தெடுக்கச் சொல்லி மூளையைப் படம் எடுத்தார்கள். பெயர் சொன்னபோது, அச்சத்தோடு தொடர்புடைய அமிக்டலா என்ற பகுதியின் செயல்பாடு குறைந்தது. பயிற்சியில் இதை ஒரு சின்ன வேலையாக மாற்றியிருந்தார்கள். நாளுக்கு ஒரு தடவை, ஏதாவது ஒரு சூடான தருணத்துக்குப் பிறகு, "டென்ஷன்" என்ற சொல்லைப் பயன்படுத்தாமல் என்ன உணர்ந்தோம் என்று எழுத வேண்டும்.

அந்த ஒரு சொல்லை விலக்கியது நல்ல யோசனை. எங்கள் பிரிவில் எல்லாமே டென்ஷன்தான். கருவி நின்றாலும் டென்ஷன், ஆள் வராவிட்டாலும் டென்ஷன். அதை எடுத்துவிட்டுப் பார்த்தால் ஒவ்வொன்றும் வேறாக இருக்கிறது. அவசரப் பிரிவு மாதிரி லேபிள் இல்லாமல் வந்தால் எனக்கு வருவது பயம். வேறு நோயாளியின் முடிவு இவருக்குப் போய்விடுமோ என்ற பயம். மாலை ஷிஃப்டுக்கு ஒருவர் சொல்லாமல் லீவு போட்டால் வருவது ஏமாற்றம். மருத்துவர் ஒருவர் போனில் என் பெயரைக்கூடக் கேட்காமல் "லேப்பா? ரிசல்ட் எங்கே?" என்று அதட்டினால் வருவது அவமானம். மூன்றுக்கும் மருந்து ஒன்றல்ல. பயத்துக்கு ஒரு சரிபார்ப்பு முறை வேண்டும், ஏமாற்றத்துக்கு அந்த ஆளோடு உட்கார்ந்து பேச வேண்டும், அவமானத்துக்கு நேராக ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். பெயர் சரியாக விழுந்தால் அடுத்த வேலை என்ன என்பதும் தெரிந்துவிடுகிறது. இதை எனக்கு ஆழமாகப் புரியவைத்ததற்காக இந்தப் பயிற்சிக்கு நன்றி சொல்வேன்.

மூன்றாம் வாரம் வீண். புகைப்படங்களைக் காட்டி இது கோபம், இது வெறுப்பு, இது பயம் என்று தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். முகத்தைப் பார்த்தே மனதைப் படித்துவிடலாம் என்ற நம்பிக்கை அது. லிசா ஃபெல்ட்மன் பாரெட்டும் சக ஆய்வாளர்களும் 2019-இல் வெளியிட்ட விரிவான மீளாய்வு அந்த நம்பிக்கையை ஆட்டம் காணச் செய்துவிட்டது. கோபத்தில் இருக்கிறவர் எப்போதும் முகத்தைச் சுளிப்பதில்லை; முகத்தைச் சுளிக்கிறவர் எல்லாம் கோபத்தில் இல்லை. என் பிரிவில் ஒரு டெக்னீஷியன் பார்கோடு படிக்கும்போதெல்லாம் புருவத்தை நெரிப்பார். அவருக்குக் கண்ணாடி மாற்ற வேண்டும், அவ்வளவுதான். முகத்தைப் பார்த்து முடிவு கட்டாமல் "என்ன ஆச்சு?" என்று கேட்கச் சொல்லிக் கொடுத்திருந்தால் அந்த வாரம் உருப்பட்டிருக்கும்.

சரி, சிறு குழு அமர்வுக்கு வருகிறேன். எங்கள் ஆறு பேரில் ஒருவர் வேறொரு மருத்துவமனையின் வார்டு நர்ஸ், ஒருவர் வங்கிக் கவுண்டரில் இருக்கிறவர், ஒருவர் பள்ளி ஆசிரியர். ஒவ்வொருவரும் தன் வேலையில் திரும்பத் திரும்ப வரும் ஒரு கஷ்டமான பேச்சைக் கொண்டுவர வேண்டும். இருவர் அதை அப்படியே நடித்துப் பேச வேண்டும், மற்றவர்கள் கவனிக்க வேண்டும். பயிற்சியாளர் நடுவில் நிறுத்துவார், ஒரு வாக்கியத்தை மட்டும் மாற்றி மறுபடியும் பேசச் சொல்வார். நான் என்னுடைய போனைக் கொண்டுபோனேன். அந்த நர்ஸே எதிர்முனையில் பேசினார்.

சூழ்நிலை இது: ரத்தத்தின் சிவப்பணுக்கள் உடைந்துபோன மாதிரி வந்திருக்கிறது. அதில் பொட்டாசியம் உண்மை அளவைவிடக் கூடுதலாகக் காட்டும். அதை நம்பி மருந்து கொடுத்தால் நோயாளிக்கு ஆபத்து. திருப்பித்தான் அனுப்ப வேண்டும். நான் விஷயத்தைச் சொன்னதும் அவர் உண்மையாகவே கோபப்பட்டார்.

"இப்பதான் அந்தப் பாட்டிக்கு மூணு தடவை குத்தி எடுத்தேன். மறுபடியுமா? நீங்க அங்க உக்காந்துக்கிட்டு ஈஸியா சொல்லிடறீங்க."

இதற்கு ஆய்வகங்களில் வழக்கமாகப் போகும் பதில், "ரூல்ஸ் இதுதான் சிஸ்டர், நாங்க என்ன பண்றது?" என்பது. பயிற்சியாளர் அதையே முதலில் பேசவைத்தார். கேட்டுக்கொண்டிருந்த நால்வரும் நர்ஸின் குரல் இன்னும் ஏறியதைக் கவனித்தார்கள். அப்புறம் ஒரு மாற்றம் சொன்னார்: காரணத்துக்குப் போவதற்கு முன்னால், எதிரில் இருப்பவர் சொன்னதில் உண்மை எதுவோ அதை எடுத்துச் சொல்லுங்கள், சொல்லிவிட்டு ஒரு மூச்சு விடுங்கள், "ஆனா" என்று ஒட்டவைக்காதீர்கள். நான் பேசியது இப்படி வந்தது:

"மூணு தடவை குத்திட்டு மறுபடியும் அவங்க முன்னாடி போய் நிக்கிறது கஷ்டம்தான் சிஸ்டர்."

இங்கே ஒரு நிறுத்தம். எதிர்முனையில் "ம்..." என்று ஒரு சத்தம்.

"இந்த சாம்பிள்ல பொட்டாசியம் தப்பா வரும். அதை வச்சு டாக்டர் மருந்து எழுதிட்டா பாட்டிக்குத்தான் ஆபத்து. நரம்பு நல்லா பாக்குறவங்க அங்க யாராவது இருக்காங்களா, இல்ல நான் இங்கேருந்து ஒருத்தரை அனுப்பட்டுமா?"

"ஆனா" என்ற அந்த ஒரு சொல்லைச் சேர்த்தும் சேர்க்காமலும் மாற்றி மாற்றிப் பேசிப் பார்த்தோம். "கஷ்டம்தான், ஆனா..." என்று ஆரம்பித்த உடனே நர்ஸ் அடுத்த சண்டைக்குத் தயாராகிவிட்டார். முன்னால் சொன்ன அனுதாபம் அவர் காதில் ஏறவே இல்லை. அந்த ஒரு மூச்சு இடைவெளி விட்டபோது மட்டும்தான் அவர் கேட்டார். "அந்த நிமிஷத்துல நீங்க எனக்கு எதிர்ப்பக்கம் இல்லைன்னு தோணிச்சு" என்று பிறகு சொன்னார். காணொளியில் இதை ஆயிரம் முறை பார்த்தாலும் வராது. வாயால் பேசி, எதிரில் ஒருவர் உண்மையாகவே கொதித்து, அவர் குரல் இறங்குவதைக் காதால் கேட்டால்தான் கை பழகும்.

இதில் இன்னொரு பாடமும் இருந்தது. கோபத்தை முழுங்கிவிட்டு முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொள்வதுதான் பக்குவம் என்று பலர் நினைக்கிறார்கள். உணர்வைக் கட்டுப்படுத்துவது பற்றி நீண்ட காலம் ஆராய்ந்த ஜேம்ஸ் கிராஸ், வெளியே தெரியாமல் அமுக்குவது உள்ளே இருக்கிற கோபத்தையும் வருத்தத்தையும் குறைப்பதில்லை என்று காட்டியிருக்கிறார். அந்த நேரத்தில் நடந்ததும் பேசியதும் சரியாக நினைவில் நிற்பதில்லை. அவரும் எமிலி பட்லரும் மற்றவர்களும் 2003-இல் வெளியிட்ட ஆய்வில், அமுக்கிக்கொண்டு பேசுகிறவரின் எதிரில் உட்கார்ந்திருந்தவருக்கும் ரத்த அழுத்தம் ஏறியது. மாதிரிகளைக் கைமாற்றும் இடத்தில் நினைவு தவறினால் என்ன ஆகும் என்று எனக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. நடந்ததை வேறு கோணத்தில் பார்ப்பது இதைவிட நல்ல வழி. "இவர் என்னைத் திட்டுகிறார்" என்பதை "இவர் அந்தப் பாட்டிக்காகக் கொதிக்கிறார்" என்று பார்ப்பது. கோபம் வருவதற்கு முன்பே பார்வையை மாற்றிவிட்டால் முழுங்குவதற்கு ஒன்றும் இருக்காது. ஐந்தாம் வாரம் முழுவதும் இதுதான். நல்ல வாரம்.

ஆறாம் வாரத்தில் குழுவாக வேலை செய்வதைப் பற்றி. இங்கே எமி எட்மண்ட்சனின் ஆய்வைச் சொன்னார்கள். எங்கள் துறைக்காரர்கள் எல்லோரும் கேட்க வேண்டியது. மருத்துவமனை வார்டுகளில் மருந்துப் பிழைகளை ஆராய்ந்து 1996-இல் வெளியிட்டார். நன்றாக நடத்தப்படும் குழுக்களில் பிழை குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்துப் போனவருக்கு, அந்தக் குழுக்களில்தான் அதிகப் பிழைகள் பதிவாகியிருந்தது தெரியவந்தது. அங்கே பயமில்லாமல் சொன்னார்கள். மற்ற இடங்களில் மறைத்தார்கள். ஒரு டியூபில் லேபிள் மாறிப்போனதை ஒட்டியவரே வந்து சொல்கிறாரா, இல்லை குப்பையில் போட்டுவிட்டு வேறொன்றைக் கேட்டு வாங்குகிறாரா என்பது அந்த இடத்தின் மேற்பார்வையாளர் முந்தைய முறை எப்படிப் பேசினார் என்பதைப் பொறுத்தது. இப்போது ஷிஃப்ட் மாறும்போது "இன்னிக்கு தப்பாகப் போக இருந்தது எது?" என்று கேட்பதை வழக்கமாக்கியிருக்கிறேன். முதலில் யாரும் வாய் திறக்கவில்லை. ஒரு பயிற்சி மாணவி, ஒரே பெயரில் இரண்டு நோயாளிகள் இருந்ததையும் கடைசி நேரத்தில் பிறந்த தேதியைப் பார்த்துத் தப்பியதையும் சொன்னாள். "நல்லவேளை சொன்னேம்மா, அந்த ரெண்டு ஃபைல்லயும் இப்பவே எச்சரிக்கை ஒட்டிடலாம்" என்றேன். அதற்குப் பிறகு மற்றவர்களும் சொல்ல ஆரம்பித்தார்கள்.

தலைப்பில் வீடும் இருக்கிறது. ஆனால் வீட்டுக்கு ஒதுக்கியது ஒரே ஒரு வாரம். இது பெரிய குறை. வேலையிடத்தில் எழுந்து போக முடியும், ஷிஃப்ட் முடியும். வீட்டில் அதே மனிதர்கள், பல வருடக் கணக்கு. கொடுத்ததில் இரண்டு விஷயங்கள் உருப்படியானவை.

ஒன்று, தம்பதிகளை ஆராய்ந்த ஜான் காட்மன் சொல்வது. சண்டையில் நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 100-ஐத் தாண்டிவிட்டால் எதிரில் இருப்பவர் சொல்வது மண்டையில் ஏறாது. குறைந்தது 20 நிமிடமாவது விலகி இருக்க வேண்டும். விலகுவது எப்படி என்பதில்தான் விஷயமே இருக்கிறது. பேசாமல் கதவைச் சாத்திக்கொண்டு போனால் அது தண்டனை. "எனக்கு இப்ப பேச முடியல, அரை மணி கழிச்சு வரேன், இதைப் பேசி முடிச்சிடுவோம்" என்று திரும்பி வரும் நேரத்தைச் சொல்லிவிட்டுப் போக வேண்டும். போன இடத்தில் அடுத்து என்ன பதில் கொடுக்கலாம் என்று ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தால் துடிப்பு இறங்காது. துணி மடிக்கலாம், நடக்கலாம். என் கணவருக்கு இது மிகவும் ஒத்துவந்தது. அவர் சண்டையில் வாயடைத்துப் போகிற சுபாவம். அவர் அலட்சியமாக இருக்கிறார் என்று பார்க்கிறவர்களுக்குத் தோன்றும், உள்ளே நெஞ்சு அடித்துக்கொண்டிருக்கும். நேரம் சொல்லிவிட்டுப் போக இப்போது அவருக்கு ஒரு வாக்கியம் கிடைத்திருக்கிறது.

இன்னொன்று, பிள்ளைகளிடம் கேட்க வேண்டிய ஒரு கேள்வி. என் மகளுக்குப் பதினாறு வயது. நெருங்கிய தோழி திடீரென்று பேச்சை நிறுத்திவிட்டாள். சாப்பாட்டைத் தள்ளிவைத்துவிட்டு "ஒண்ணுமில்ல" என்றாள். பக்கத்தில் உட்கார்ந்து, "நான் சும்மா கேட்டுக்கிட்டு இருக்கட்டுமா, இல்ல ஏதாவது யோசனை சொல்லட்டுமா?" என்றேன். "சும்மா கேளும்மா" என்றாள். அப்புறம் பேசினாள், ரொம்ப நேரம். "வேற ஃப்ரெண்ட் கிடைப்பா" என்று சொல்ல நாக்கு துடித்தது உண்மைதான். அவள் கேட்டது அது இல்லை என்று தெரிந்துவிட்டதால் சும்மா இருப்பது எளிதாக இருந்தது. கடைசியில் அவளே, "நாளைக்கு அவகிட்ட நேரா கேக்கலாமா?" என்று கேட்டாள். யோசனைக்கு அப்போதுதான் இடம் வந்தது.

வயதானவர்களைப் பற்றி இந்தப் பயிற்சியில் ஒரு வரிகூட இல்லை. உடம்பு தளர்ந்த அப்பாவோ மாமியாரோ வீட்டில் இருக்கிறவர்களுக்கு அங்கேதான் அதிக உதவி தேவை. "எனக்கு ஒண்ணும் வேண்டாம், நான் பாரமா இருக்கேன்" என்று சொல்கிறவரிடம் எப்படிப் பேசுவது என்று எங்கள் குழுவில் ஒருவர் கேட்டார். அதற்கு ஒரு முழு அமர்வு தேவைப்பட்டிருக்கும். நேரம் முடிந்துவிட்டது என்று நிறுத்தினார்கள்.

இனி இந்தப் பயிற்சியின் பெரிய ஓட்டை. வங்கிக்காரர் ஒரு நாள் கேட்டார்: "கவுண்டர்ல நாலு பேர் இருக்க வேண்டிய இடத்துல ரெண்டு பேர் இருக்கோம். வரிசையில நிக்கிறவங்க திட்டறாங்க. இதுல நான் எந்த உணர்வைக் கையாளணும்?" வகுப்பு அமைதியாகிவிட்டது. சமூகவியலாளர் ஆர்லி ஹோக்ஷீல்டு 1983-இலேயே, விமானப் பணிப்பெண்களையும் கடன் வசூலிக்கிறவர்களையும் கவனித்து, சம்பளத்துக்காக உணர்வைக் காட்டவும் மறைக்கவும் வேண்டியிருப்பதும் ஒரு உழைப்புதான் என்று எழுதிவிட்டார். ஆள் பற்றாக்குறையால் வருகிற கோபத்தை ஊழியரே மூச்சுப் பயிற்சியால் ஆற்றிக்கொள்ள வேண்டும் என்று நிர்வாகம் எதிர்பார்த்தால், அந்த உழைப்பை இலவசமாக வாங்கிக்கொள்கிறது என்று பொருள். நம் பயிற்சியாளர் யோசித்துவிட்டு, "அந்தக் கோபம் சரியான செய்திதான் சொல்லுது. அதைக் குறைக்காதீங்க, எழுத்துல மேலே அனுப்புங்க" என்றார். நேர்மையான பதில். அது அவருடைய பதில்தான். பாடத்திட்டத்தில் அப்படி ஒரு பக்கம் இல்லை. மேலாளர்களுக்கும் மேலே இருக்கிறவர்கள் யாரும் இந்தப் பயிற்சிக்கு வரவும் இல்லை. கஷ்டமான செய்தியைக் கேட்டுக்கொள்ளும் திறமை அவர்களுக்குத்தான் முதலில் வேண்டும்.

தினமும் மூன்று தடவை அலைபேசியில் "இப்போது எப்படி உணர்கிறீர்கள்?" என்று கேட்கும் நினைவூட்டலை அணைத்துவிடலாம். கையுறையோடு மாதிரி பிரிக்கும்போது அது கத்துவது தொல்லை. சான்றிதழ் அழகாக இருக்கிறது.

உங்கள் அலுவலகம் இப்படி ஒன்றைக் கொண்டுவந்தால், சேர்வதற்கு முன் கேட்க வேண்டியது முக்கியமாக ஒன்று: குழுவில் நான் பேசுவதும் என் மதிப்பெண்ணும் என் மேலதிகாரிக்கோ மனிதவளத் துறைக்கோ போகுமா? எங்களுக்குப் போகாது என்று எழுத்தில் கொடுத்தார்கள். வெவ்வேறு நிறுவனத்துக்காரர்களைக் கலந்து குழு அமைத்ததும் அதற்குத்தான் உதவியது. சொந்த மேலாளர் உட்கார்ந்திருக்கும் குழுவில் யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள். அடுத்து, நேரில் பேசிப் பழகும் நேரம் எவ்வளவு என்று கேளுங்கள். காணொளி மட்டும் என்றால் வேண்டாம்.

போனிலும் கவுண்டரிலும் வகுப்பறையிலும் பிறர் கோபத்தை எதிர்கொள்வதே வேலையாக உள்ளவர்களுக்கு இதைத் தாராளமாகப் பரிந்துரைப்பேன். வீட்டுப் பிரச்சினைக்காக மட்டும் சேர நினைப்பவர்களுக்கு ஒரு வாரப் பாடம் போதாது. தம்பதியாக ஒரு நல்ல ஆலோசகரிடம் போவது மேல். அடியோ மிரட்டலோ உள்ள வீட்டில் இருக்கிறவர்கள் இந்த மாதிரிப் பயிற்சியை நம்பிக் காத்திருக்கக் கூடாது. அங்கே முதலில் தேவை பாதுகாப்பு. இதை நடத்துகிறவர்கள் முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. கருத்துப் படிவத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.